மெய் கண்ணாகும் ஆட்டம்

இயன் மெக்டொனால்ட் முதலில் விளையாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கேமராவோடு வந்தது பிறகுதான். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டின் சமூகவியலும் அரசியலும் கற்பித்துக்கொண்டிருந்தவர், 2004-இல் கேரளத்தின் போர்க்கலையான களரியைப் பற்றி ‘இன்சைட் த களரி’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2007-இல் பிரைட்டன் நகரத்துக் கால்பந்துக் குழு ஒன்றைப் பற்றி ஒரு படம். 2012-இல் பார்வையற்ற இந்தியச் சிறுவர்கள் ஆடும் செஸ் பற்றி ‘அல்காரிதம்ஸ்’. பெரிய விளையாட்டுப் படங்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் இது சின்னக் கணக்குதான். அந்தப் படங்களில் உலகக் கோப்பை இல்லை, ஊரறிந்த நட்சத்திரங்கள் இல்லை, லட்சம் பேர் கூடிக் கத்தும் மைதானமும் இல்லை. ஆனால் மூன்றில் இரண்டு இந்தியாவில் எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று கேரளத்தின் மண்தரையிலும், மற்றொன்றின் ஒரு பகுதி சென்னைச் சிறுவன் ஒருவனைச் சுற்றியும் நடக்கின்றன.

அவர் வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் 1990-களின் இங்கிலாந்தில் தொடங்க வேண்டும். 1990-இல் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, பிரிட்டனில் குடியேறிய ஆசியர்களும் கரீபியர்களும் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்தே அவர்களின் நாட்டுப்பற்றை அளக்கலாம் என்றார். 1995-இல் ஒரு கிரிக்கெட் மாத இதழ், வெளிநாட்டு வேர் கொண்டவர்கள் இங்கிலாந்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுவார்களா என்று சந்தேகம் கிளப்பும் கட்டுரையை வெளியிட்டது. வேகப்பந்து வீச்சாளர்கள் டெவன் மால்கமும் ஃபில் டிஃப்ரெய்டஸும் வழக்குப் போட்டு நஷ்டஈடு பெற்றார்கள். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்ற பழைய பேச்சு அங்கே அப்போது எடுபடவில்லை.

மெக்டொனால்டின் எழுத்து இந்தச் சூழலில்தான் உருவானது. பென் கேரிங்டன் என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து பிரிட்டனில் இனமும் விளையாட்டும் குறித்த தொகுப்பு நூலை 2001-இல் கொண்டுவந்தார். 2009-இல் இருவரும் மார்க்சியமும் பண்பாட்டு ஆய்வும் விளையாட்டும் பற்றி இன்னொரு தொகுப்பு. இவற்றுக்கு முன்பே அவர் பார்வை இந்தியப் பக்கம் திரும்பியிருந்தது. தாராளமயத்துக்குப் பிந்தைய இந்தியாவில் கிரிக்கெட்டும் தேசியமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்று 1999-இல் எழுதினார். இந்து தேசியவாதம் உடற்பயிற்சியை எப்படிக் கையாள்கிறது என்பதையும் ஆராய்ந்தார். அந்த வரிசையில்தான் களரி வந்தது. 2007-இல் வெளியான அவருடைய களரி ஆய்வுக் கட்டுரை தலைப்பிலேயே மூன்று பெயர்களை வைத்தது: உடற்பயிற்சி மரபு, மேடைக் கலை, போட்டி விளையாட்டு. ஒரே களரிப்பயிற்று மூன்றாகவும் இருக்கிறது.

குழிக்களரி என்பது சொல்லுக்கேற்பக் குழிதான். கிழக்கு மேற்காக 42 அடி நீளம், 21 அடி அகலம், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தோண்டிய தரை, மேலே ஓலைக்கூரை. கிழக்கு வாசலில் வலது காலை வைத்து இறங்கி, தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மாணவன் உள்ளே வருவான். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை. எண்ணெய் தேய்த்த உடம்போடு மெய்ப்பயிற்று தொடங்கும். கம்பு, வாள், சுருள்வாள் எல்லாம் அதற்குப் பிறகு. குருக்கள் எனப்படும் களரி ஆசான் பெரும்பாலும் செய்து காட்டமாட்டார், சொல்வார். காலை இழு, தாழ்ந்து அமர், திரும்பி உயர் என்று தாளத்தில் வந்து விழும் அந்தக் கட்டளைத் தொடருக்கு வாய்த்தாரி என்று பெயர். குரல் முன்னே போக, உடம்பு பின்னால் வரும். தேர்ச்சியின் உச்சத்தைச் சொல்லக் களரிக்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு: மெய் கண்ணாக வேண்டும். தமிழ் வாசகருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உலகம் காட்சிக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதைக் கொச்சிவாசிகள் தினமும் பார்க்கலாம். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் சாயங்காலம் போனால், கதகளியோடு சேர்த்துக் களரியையும் சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் போட்டுக் காட்டும் அரங்குகள் இருக்கின்றன. வாளும் கேடயமும் மோதித் தீப்பொறி பறக்கும், நெருப்பு வளையத்தில் தாவுவார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆசானிடம் பல வருடம் கற்ற உடம்புதான் அங்கேயும் ஆடுகிறது என்பதால் அதை வெறும் வேடிக்கை என்று தள்ளவும் முடியாது. மூன்றாவது முகமான போட்டி விளையாட்டு இன்னும் இழுபறியில் இருக்கிறது. 1958-லேயே கேரள விளையாட்டுக் கவுன்சிலின் கீழ் களரிக்குச் சங்கம் வந்துவிட்டது. அரியானாவில் 2022-இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் களரி சேர்க்கப்பட்டது. 2023-இல் கோவா தேசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இருந்தது. 2025-இல் உத்தராகண்டில் வெறும் காட்சிப் போட்டியாக இறக்கப்பட்டபோது கேரளத்தில் கோபம் எழுந்தது. புள்ளி போட்டு அளக்கிற விளையாட்டாகக் களரியை மாற்றினால் எது மிஞ்சும், எது போகும் என்ற கேள்வியை மெக்டொனால்ட் இதற்கெல்லாம் பல வருடம் முன்பே கேட்டுவிட்டார்.

கட்டுரை எழுதிய ஒருவர் ஏன் கேமராவை எடுத்தார்? களரியையே எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்கிறது. எண்ணெயில் வழுக்கும் பாதம், வாய்த்தாரியின் தாளம், ஒரு தாவலுக்கு முன் அடங்கும் மூச்சு இவற்றை ஆய்வு மொழியில் எழுதினால் செத்துப்போகும். விளையாட்டு ஆவணப்படத்தை ஆய்வுலகம் அலட்சியம் செய்வது தவறு என்று 2007-இல் அவரே ஒரு கட்டுரையில் வாதாடினார். அப்போது அவர் கையில் இரண்டாவது படமும் இருந்தது.

அந்தப் படம் ‘பிரைட்டன் பேண்டிட்ஸ்’, தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கால்பந்துக் குழுவைப் பற்றியது. இப்படி ஒரு குழு தனியாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜஸ்டின் ஃபஷானுவின் கதை போதும். 1981-இல் பத்து லட்சம் பவுண்டு விலைக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் அவர். பிரைட்டன் கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று 1990-இல் பகிரங்கமாகச் சொன்னார். சக வீரர்களும் ரசிகர்களும் ஏளனம் செய்தார்கள், சொந்தச் சகோதரனே பத்திரிகையில் அவரை உதறினார். 1998-இல் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் இங்கிலாந்தின் உயர்மட்டக் கால்பந்தில் ஆடிக்கொண்டிருந்த எவரும் அப்படி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் பந்தை உதைக்கும் சாதாரண ஆட்கள்தான் மெக்டொனால்டின் பாத்திரங்கள்.

விளையாட்டு ஆவணப்படத்தின் பொதுவான வரலாற்றில் இவரை எங்கே வைப்பது என்பதையும் பார்க்கலாம். அந்த வரலாறு பிரம்மாண்டத்தில் தொடங்கியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை லெனி ரீஃபென்ஸ்டால் ஹிட்லரின் ஆட்சிக்காகப் படம் பிடித்தார். 1938-இல் வெளியான அந்தப் படத்தின் தொழில்நுட்பத்தை இன்றைக்கும் பாராட்டுகிறார்கள், யாருக்காக எடுத்தார் என்பதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸைப் படமெடுத்த கோன் இச்சிகாவா, வென்றவர்களோடு தோற்றவர்களையும் களைத்து உட்கார்ந்தவர்களையும் பார்த்தார். 1994-இல் வந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’ இன்னொரு வாசலைத் திறந்தது. சிகாகோவின் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கூடைப்பந்துக் கனவோடு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டதைக்கூடக் காட்டியது. இப்போது பணம் புரளும் இடம் வேறு. ஆட்டக்காரரோ கிளப்போ தங்கள் கதையைத் தாங்களே கூட இருந்து தயாரிக்கும் தொடர்கள் வருகின்றன. மைக்கேல் ஜோர்டனைப் பற்றிய 2020 தொடரில் ஜோர்டனின் சொந்த நிறுவனமும் பங்காளி. இந்தியாவில் சச்சின் படம் 2017-இல் திரையரங்குக்கு வந்தது, சென்னை சூப்பர் கிங்ஸின் மறுவருகை 2019-இல் இணையத் தொடரானது. ரசிகனுக்கு அவை விருந்து. ஆனால் அவற்றில் ஆட்டக்காரர் காட்ட விரும்பாத எதையும் பார்த்துவிட முடியாது. மெக்டொனால்ட் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ வழியில் வருபவர். கூடவே தங்கிக் காத்திருந்து எடுப்பது அவர் முறை.

அந்த முறை முழுசாகப் பலித்தது ‘அல்காரிதம்ஸ்’ படத்தில். தயாரித்தவர் கேரளத்தைச் சேர்ந்த கீதா ஜெ. இருவரும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் பெயர் அகம்புறம். சங்கப் பாடல்களின் இரண்டு பெரும் பிரிவுகளின் பெயரை ஒரு விளையாட்டுப் படத்தின் முகப்பில் பார்ப்பது தமிழருக்குச் சின்னச் சந்தோஷம். போர்க்களத்தைச் சொல்வது புறம், மனதுக்குள் நடப்பதைச் சொல்வது அகம் என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே பொருந்திவிடுகிறது.

பார்வையற்றோர் செஸ் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் வித்தையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது கண் தெரிந்த வல்லுநர்கள் மனப்பலகையில் ஆடுவது. மொனாக்கோவில் நடந்த அம்பர் போட்டிகளில் விஸ்வநாதன் ஆனந்த் அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். பார்வையற்றோர் ஆட்டத்தில் தொட்டுப் பார்க்கும் பலகை உண்டு. அறுபத்து நான்கு கட்டங்களிலும் நடுவே ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை, அதைத் துளையில் செருகி நிறுத்த வேண்டும். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிடச் சற்று உயர்ந்திருக்கும். கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளமாகத் தலையில் ஒரு குண்டூசி முனை இருக்கும். விரல் ஓடும்போதே எது யாருடைய காய், எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும்.

ஆளுக்கொரு பலகை. எதிராளி எதை நகர்த்தினார் என்பது காதால்தான் வரும். நகர்த்துபவர் உரக்கச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் நகர்த்துவார். பி, டி, ஈ என்ற எழுத்துகள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் சர்வதேச விதியில் கட்ட வரிசைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். ஆகவே ஒரு சிப்பாய் ஈ4-க்குப் போனால் அது ‘ஈவா நான்கு’. எண்ணையும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி இங்கே செல்லாது, தொடாமல் பார்ப்பது எப்படி? முளையைத் துளையிலிருந்து உருவினால்தான் தொட்டதாகக் கணக்கு. நகர்வுகளை பிரெய்லியில் குறித்துக்கொள்ளலாம், ஒலிப்பதிவும் செய்துகொள்ளலாம். ஒரு பலகையில் ஒரு காய் தவறான துளையில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேரும் வெவ்வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள்; நடுவர் வந்து இரண்டு பலகைகளையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். முழுப் பார்வையிழப்பு பி1, மங்கலாகத் தெரிபவர்கள் பி2, பி3 என்று பிரிவுகள் இருந்தாலும் செஸ்ஸில் எல்லாரும் கலந்து ஆடுவது சாதாரணம். உடல்குறையுள்ளவர்கள் விதியில் பெரிய சலுகை ஏதும் இல்லாமல் கண் தெரிந்தவர்களோடு சமமாக மோதக்கூடிய ஆட்டங்கள் மிகக் குறைவு, செஸ் அவற்றில் ஒன்று. பார்வையற்றோருக்கான சர்வதேச செஸ் சங்கம் 1951-லேயே தோன்றிவிட்டது. அவர்களின் முதல் ஒலிம்பியாட் 1961-இல் ஜெர்மனியில் நடந்தது.

இந்தியாவில் இதை ஊன்றியவர் மும்பையின் சாருதத்தா ஜாதவ். சிறுவயதில் பார்வை இழந்தவர், ஆட்டக்காரர், மென்பொருள் துறையில் வேலை. அகில இந்தியப் பார்வையற்றோர் செஸ் கூட்டமைப்பை 1990-களின் பிற்பகுதியில் தொடங்கினார். பேசும் செஸ் மென்பொருள் ஒன்றையும் உருவாக்கினார். பார்வையற்ற ஒவ்வொரு பிள்ளையும் செஸ் ஆட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பார்வையற்றவர்களைத் தொட்டால் உடைந்துவிடும் பாத்திரம் மாதிரி நடத்துகிற சமூகத்தில், ‘உனக்குத் தோற்கவும் உரிமை உண்டு’ என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவது ஆட்டம்தான். இது சாருதத்தாவின் சொல் இல்லை. படத்தைப் பார்க்கிறவருக்குத் தோன்றுவது.

படம் பின்தொடர்வது மூன்று பையன்களை. பரோடாவின் தர்பன் இனானிக்கு முற்றிலும் பார்வை இல்லை. புவனேஸ்வரத்தின் அனந்த் குமார் நாயக்குக்கும் அப்படியே. சென்னையின் சாய்கிருஷ்ணாவுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. 2009-இல் ஸ்வீடனில் நடந்த பார்வையற்ற இளையோர் உலகப் போட்டிக்குச் சற்று முன் தொடங்கி, 2011-இல் கிரீஸில் நடந்த அடுத்த போட்டிக்குச் சற்றுப் பின் வரை மூன்று ஆண்டுகள் படப்பிடிப்பு. பையன்கள் வளர்ந்துகொண்டே போகிறார்கள். குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. உள்ளூர் ஆட்டம், தேசிய ஆட்டம், விமானம், வெளிநாட்டு ஓட்டல் அறை, அப்புறம் மறுபடி வீடு. சாய்கிருஷ்ணாவின் சென்னை, செஸ் விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன் அங்கேதான் ஒரு தலைமுறையை வளர்த்தார், ஆனந்த் அங்கிருந்துதான் உலகை வென்றார். அந்த ஊர்ப் பையனுக்கு செஸ் ஆடுவது வீட்டாரிடம் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்திருக்காது. எல்லா ஊரும் அப்படி அமைவதில்லை. கொச்சியிலிருந்து வடக்கே திருச்சூர் போய், அங்கிருந்து மலைப்பக்கம் ஏறினால் வரும் மரோட்டிச்சாலில் ஒரு டீக்கடைக்காரர் ஊரையே செஸ் பழக்கிக் குடியிலிருந்து மீட்டார் என்று புகழ் உண்டு. அப்படி யாராவது ஒருவர் பலகையை விரித்து வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செஸ், கேமராவுக்குச் சாதகமான ஆட்டம் இல்லை. மணிக்கணக்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், காய் அசைவதே அபூர்வம். கண் தெரிந்தவர்கள் ஆடினால் முகத்தைக் காட்டி ஒப்பேற்றலாம்: பார்வை பலகையில் ஓடுவது, எதிராளியை ஓரக்கண்ணால் அளப்பது. இங்கே அதற்கும் வழியில்லை. மெக்டொனால்ட் கையைப் பார்த்தார். விரல்கள் பலகை மேல் மழைத்துளி மாதிரி இறங்கி, ராணியின் தலையைத் தொட்டு, குதிரையின் காதைத் தடவி, ஒரு மூலைக்குப் போய்த் தயங்கி நின்று, திரும்பி வருகின்றன. அந்தத் தயக்கத்தில் பயம் தெரிகிறது. பொறி கண்டுபிடித்த விரல் வேறு வேகத்தில் நகர்கிறது. சில காட்சிகளில் இரண்டு கை ஒரு முழு முகத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. முளை துளையில் இறங்கும் அந்தச் சின்னச் சத்தம், கடிகாரத்தைத் தட்டும் சத்தம், கட்டத்தின் பெயர் சொல்லும் குரல் ஆகியவைதான் ஆட்டத்தின் பரபரப்பு. களரியின் வாய்த்தாரியைக் கேட்டுப் பழகிய ஒருவரால்தான் இப்படிக் காதைத் தீட்டிப் படமெடுக்க முடியும் என்று நினைக்கத் தோன்றுகிறது. மெய்யே கண்ணாகும் இடம் இதுதான்.

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. செஸ் பலகையின் நிறம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் பயன் அதைவிடப் பெரிது. இந்தியாவைப் பற்றி வெளிநாட்டார் எடுக்கும் படங்களில் மஞ்சள், காவி, சிவப்பு என்று வண்ணம் வந்து கண்ணைப் பறித்துவிடும்; ஏழ்மைகூட அழகாகிவிடும். வண்ணத்தை எடுத்துவிட்டதும் விரலும் முகத்தோலும் மரக்காயும் மட்டும் நிற்கின்றன. பார்வையுள்ள ரசிகனும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பையன்களின் உலகத்துக்குள் வர வேண்டியிருக்கிறது. இரக்கத்தைச் சுரக்கவைக்கும் கதைசொல்லியின் குரல் பின்னணியில் ஒலிப்பதில்லை. கொஞ்சம் பொறுமை கேட்கும் படம்தான்; செஸ் தெரியாதவர் சில இடங்களில் நிலைமையைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவார். 2012 நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, பிறகு பல நாட்டு விழாக்களுக்குப் போனது.

அதற்குப் பிறகு மெக்டொனால்ட் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்கு மாறி, ஆவணப்படம் எடுப்பதையே கற்பிக்கத் தொடங்கினார். சமூகவியல் வகுப்பில் தொடங்கியவர் திரைப்பட வகுப்பில் வந்து நின்றார். கீதா ஜெ. கதைப்படத்துக்குப் போனார், அவர் இயக்கிய ‘ரன் கல்யாணி’ 2019-இல் வந்தது. திருவனந்தபுரத்தில் வீட்டுவேலை செய்யும் இளம்பெண்ணின் நாட்கள்தான் அதன் கதை, விளையாட்டு எதுவும் இல்லை.

படத்தில் பார்த்த பையன்களில் தர்பன் இனானியின் பெயர் பிறகு பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. செஸ்ஸை விடாமல் படித்து ஆடிட்டர் ஆனார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில், முற்றிலும் பார்வையற்றோருக்கான பி1 பிரிவின் தனிநபர் ஆட்டத்தில் தங்கம் வென்றார். வெள்ளியும் வெண்கலமும்கூட இந்தியர்களுக்கே. மூவரும் சேர்ந்த அணிக்கும் தங்கம். ‘அல்காரிதம்ஸ்’ அந்த மேடை வரை போகவில்லை. கிரீஸிலிருந்து பையன்கள் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் கேமரா நின்றுவிட்டது.